யோர்க் பல்கலைக்கழக வளாகத்துப் பழைய பஸ் நிலையம்: எங்கே இருந்தது, எப்போது கலைந்தது?

கொன்றைப்பூ கேட்டது:

வணக்கம். ரொறன்ரோ யோர்க் பல்கலைக்கழகத்தின் கீல் வளாகத்தைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். போக்குவரத்துப் பகுதிதான் இழுபறியாக நிற்கிறது. 2010ஐ ஒட்டிய வரைபடங்களில் வளாகத்தின் நட்டநடுவில் பெரிய பஸ் நிலையம் ஒன்று இருக்கிறது. ரி.ரி.சி (ரொறன்ரோ நகரப் போக்குவரத்து), கோ (பிராந்தியப் பஸ், ரயில்), யோர்க் ரீஜன், பிரம்ரன் என்று நாலு நிறுவனங்களின் தட எண்களும் அங்கே குவிந்து கிடக்கின்றன. இப்போதைய படத்தில் அதே இடத்தில் புல்தரையும் சப்வே வாசலும்தான் தெரிகின்றன.

அங்கே கட்டடம் என்று ஏதாவது இருந்ததா, வெறும் தரிப்பிடங்கள் மட்டுமா? மூடிய ஆண்டு ஓரிடத்தில் 2017, இன்னோரிடத்தில் 2018, வேறோரிடத்தில் 2019 என்று வருகிறது. எதை எழுதுவது? அந்தப் பஸ்களை நம்பியிருந்தவர்கள், முக்கியமாக ஸ்காபரோ, மார்க்கம், பிரம்ரன் பக்கத்தவர்கள், இன்று எந்த வழியால் வருகிறார்கள்?

---

கீல்வடக்கு பதில்:

கட்டடம் இல்லை. அட்டவணைகளில் நிலையம் போலத்தான் போட்டிருப்பார்கள், ஆனால் அது ஒரு சுற்றுப்பாதை. பெயர் ஹரி ஆர்தர்ஸ் கொமன். 1985 முதல் 1992 வரை பல்கலைக்கழகத் தலைவராக இருந்தவரின் பெயரை வைத்திருக்கிறார்கள். கிழக்கே கீல் வீதியிலிருந்து யோர்க் பூல்வார்ட் நேரே உள்ளே வரும். அது முடிகிற இடத்தில் மேற்கே வாரி ஹோல், அதன் முதுகோடு ரோஸ் கட்டடம். வடக்குப் பக்கம் யோர்க் லேன்ஸ் கடைத்தொகுதி. நடுவில் புல்தரை, அதைச் சுற்றிப் பாதை, பாதையோரம் கண்ணாடி ஒதுக்கிடங்கள், கம்பங்களில் தட எண் பலகைகள். இவ்வளவும் சேர்ந்ததுதான் 'நிலையம்'.

ஒரு விஷயத்தைக் கட்டுரையில் விடாதீர்கள். ரி.ரி.சி சப்வே நிலையங்கள் பலவற்றில் பஸ் உள்ளே வந்து நிற்கிற இடம் கட்டணம் கட்டியவர்களுக்கான பகுதிக்குள் இருக்கும். அதனால் எல்லாக் கதவாலும் ஏறலாம், பஸ் சட்டென்று நிரம்பிப் புறப்படும். கொமனில் அப்படி வேலியிட்ட பகுதி இருக்கவில்லை. மாலை வகுப்பு முடிந்து வருகிற கூட்டம் முழுவதும் முன்கதவில் ஒவ்வொருவராகக் காசோ அட்டையோ காட்டித்தான் ஏற வேண்டியிருந்தது. வரிசை புல்தரை வரை நீண்டதற்குப் பஸ் குறைவு மட்டும் காரணம் அல்ல.

பஸ் ஏன் வளாகத்தின் நடுவுக்கு வந்தது என்பதற்கு 1960கள் வரை போக வேண்டும். பல்கலைக்கழகம் தொடங்கியது 1959. கீல் வளாகம் திறந்தது 1965. மூன்று கட்டடக்கலை நிறுவனங்கள் சேர்ந்து யூபேஸ் என்ற பெயரில் வரைந்த திட்டத்தில், நடுவில் நடப்பவர்களுக்கு மட்டுமான பகுதி, அதைச் சுற்றி வளையப் பாதை, அதற்கு வெளியே கார்த் தரிப்பிடங்கள். காரில் வருகிறவரை மனதில் வைத்து வரைந்த திட்டம் அது. முன்வாசல் என்று சொல்லத்தக்கது, ரோஸ் கட்டடத்தின் மேல்தளத்துக்கு ஏறிய ஒரு பெரிய சாய்தளம்தான். 1980களின் கடைசியில் இதைத் திருத்த முனைந்தார்கள். சாய்தளம் போனது, யோர்க் லேன்ஸ் வந்தது, 1992இல் ரேமண்ட் மொரியாமா வடிவமைத்த வாரி ஹோல் வந்தது, அதன் முன்னால் கொமன். பல்கலைக்கழகத்துக்கு ஒரு முகப்பு வேண்டும் என்று கட்டினார்கள். அந்த முகப்பிலேயே பஸ்களும் வந்து நின்றுவிட்டன.

ஆண்டைப் பொறுத்தவரை நீங்கள் பார்த்த மூன்றும் சரி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறுவனத்துக்கு உரியது.

2017 டிசம்பர் 17: சப்வே திறந்த நாள். டவுன்ஸ்வியூவிலிருந்து கொமனுக்கு ஓடிய ரி.ரி.சி 196 'றொக்கெற்' அன்றோடு முடிந்தது.
2018 செப்டம்பர் 2: யோர்க் ரீஜன் பஸ்கள் கொமனை விட்டு ஸ்ரீல்ஸ் வீதியில் உள்ள பயனியர் வில்லேஜ் சப்வே நிலையத்துக்குப் போயின.
2019 ஜனவரி 5: கோ பஸ்கள் நெடுஞ்சாலை 407 சப்வே நிலையத்துக்குப் போயின.

ஆகவே 'மூடப்பட்டது' என்று ஒரே ஆண்டைப் போடாதீர்கள். ஏறக்குறைய ஒரு வருடத்தில் மூன்று தவணையாகக் கலைந்தது என்று எழுதுங்கள்.

---

சுழல்பாதை பதில்:

மேலே உள்ளது சரி. எந்தப் பஸ் எப்போது வந்து சேர்ந்தது என்பதையும் வைத்தால்தான் நெரிசலின் கதை புரியும்.

ஸ்படைனா சப்வே 1978இல் வில்சன் வரை வந்தது. அங்கிருந்து வளாகத்துக்கு நெடுந்தூரப் பஸ் பயணம். 1996 மார்ச்சில் டவுன்ஸ்வியூ வரை ஒரு நிலையம் நீண்டது (2017இல் அதற்கு ஷெப்பர்ட் வெஸ்ட் என்று பெயர் மாற்றினார்கள், பழைய வரைபடம் பார்க்கும்போது இதில் தடுமாற வேண்டாம்). 2000இல் கோ நிறுவனம் 407 நெடுஞ்சாலையில் விரைவு பஸ் விட்டது. அந்தச் சாலை ரொறன்ரோவின் வடக்கு விளிம்பில் கிழக்கு மேற்காக ஓடுகிறது, வளாகமோ கிட்டத்தட்ட அதன் நடுப்பகுதிக்குக் கீழே. அதனால் யோர்க் வளாகம் கோவின் சந்தியாகவே மாறிவிட்டது. படிக்காதவர்களும் பஸ் மாற அங்கே இறங்கினார்கள். 2005இல் யோர்க் ரீஜனின் விரைவு பஸ்களான வீவா பேர்பிளும் ஒறேஞ்சும் வந்தன. 2010 செப்டம்பரில் பிரம்ரனின் விரைவு பஸ்ஸான ஸூம் 501 வந்தது. வேலைநாளில் ஆயிரத்துக்கும் கூடிய பஸ்கள் அந்த ஒரு புல்தரையைச் சுற்றின.

சுற்றுப்பாதை எங்கே முறிகிறது என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். எண்கள் விளக்கத்துக்காகத்தான், கொமனின் பதிவேடு அல்ல. மணிக்கு 60 பஸ், ஒவ்வொன்றும் 6 நிமிடம் நிற்கிறது என்று வையுங்கள். 60 × 6 ÷ 60 = 6. அதாவது எந்த நேரமும் சராசரியாக 6 பஸ் நிற்கும். ஆனால் பஸ்கள் அட்டவணைப்படி சீராக வராது. பனி பெய்தால் மூன்று சேர்ந்து வரும். ஆகவே நூற்றுக்கு 60, 65க்கு மேல் நிரப்பத் திட்டமிடக்கூடாது. 6ஐ 0.6ஆல் வகுத்தால் 10 தரிப்பிடம். இனி நிற்கிற நேரத்தை 6இலிருந்து 10 நிமிடம் ஆக்கிப் பாருங்கள். நிற்கிற பஸ் 10, தேவை 16, 17 தரிப்பிடம். பஸ் ஒன்றுகூடக் கூடவில்லை, இடம் மட்டும் ஒன்றரை மடங்குக்கு மேல் கேட்கிறது.

கொமனில் அந்த 10 நிமிடம் தவிர்க்க முடியாதது. பெரும்பாலான தடங்களுக்கு அது கடைசித் தரிப்பு. சாரதி இறங்கி இளைப்பாறுவதும், தாமதத்தை ஈடுகட்டுவதும், அடுத்த பயணத்துக்கு நேரம் பார்ப்பதும் அங்கேதான். வழியில் வருகிற தரிப்பு என்றால் ஒரு நிமிடத்தில் போய்விடும். கடைசித் தரிப்பு வாகனத் தரிப்பிடத்தையும் சேர்த்துத் தின்னும்.

அடுத்தது ஓரக்கல்லின் வடிவம். கொமன் போன்ற, வெட்டில்லாமல் வளைந்து போகிற ஓரக்கல்லில் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நிற்க வேண்டும். முன்னால் உள்ளது போகாமல் பின்னால் உள்ளது வெளியேற, இடையில் ஏறத்தாழ ஒரு பஸ் நீளம் வெறுமையாக விட வேண்டும். சாதாரண நகரப் பஸ் 12 மீட்டர், கோவின் நெடுந்தூரப் பஸ் 13.7 மீட்டர், நடுவில் மடிகிற இணைப்புப் பஸ் 18 மீட்டர். இதற்கு மாற்று, ஓரக்கல்லை வாள்பல் போல வெட்டுவது. ஒவ்வொரு பஸ்ஸும் சற்றுச் சரிந்து தன் பல்லுக்குள் நுழைந்து, முன்னால் நிற்பதைத் தொடாமல் வெளியேறும். அதற்கு ஓரக்கல்லுக்கு முன்னால் அகலமான தளம் வேண்டும். புல்தரையைத் தின்றுதான் அந்த அகலத்தை எடுக்க முடியும். முகப்புத் தோட்டத்தை வெட்டி எந்தப் பல்கலைக்கழகம் பஸ்ஸுக்குக் கொடுக்கும்?

இன்னொரு பிசகு, நடப்பவர்கள். கீழே இறங்குகிற எல்லாருக்கும் இலக்கு வாரி ஹோல். பாதையைக் குறுக்கே வெட்டித்தான் போவார்கள். பத்து நிமிட இடைவேளையில் பஸ் ஓட்டத்துக்கு வழியே கிடைக்காது. திட்டக்காரர்கள் கடைசி வரை தீர்க்காதது இதைத்தான். சமிக்ஞை விளக்கு போட்டாலும் மாணவர் கூட்டம் அதற்கு நிற்காது.

கோவின் இரட்டைத்தட்டு பஸ் பற்றியும் ஒரு வரி. 2008இல் வந்தவை 4.2 மீட்டருக்கு மேல் உயரம். கூரை போட்ட நிலையங்கள் பலவற்றில் நுழையாது. கூரையே இல்லாத கொமனில் அந்தத் தொல்லை இல்லை, ஆகவே 407 தடங்களில்தான் அவை முதலில் ஓடின. பிறகு 3.9 மீட்டர் உயரத்தில் தாழ்ந்த வகை எடுத்தார்கள். மழையில் நனைந்து நின்றவர்களுக்கு இந்த நன்மை பெரிதாகப் பட்டிருக்காது.

---

கொன்றைப்பூ:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. 2009 என்று குறிப்பிட்டு 'பஸ்வே' என்று ஒரு கோடு சில வரைபடங்களில் போகிறது. அது கொமனின் பகுதியா?

---

கீல்வடக்கு பதில்:

அது தனி. டவுன்ஸ்வியூவுக்கும் வளாகத்துக்கும் இடையில் 196 ஓடிய பாதை. கீல், ஷெப்பர்ட், ஃபின்ச் சந்திகளில் பஸ் சிக்கி நின்றதால், ஃபின்சுக்கு வடக்கே உயர் அழுத்த மின்கம்பிகள் போகிற வெறும் நிலத்தில் டஃபரினிலிருந்து கீல் வரை பஸ்ஸுக்கு மட்டுமான பாதை போட்டார்கள். 2009இல் திறந்தது. சப்வே வரும்வரைக்கான ஒத்தாசை என்று தெரிந்தே கட்டியது. அதே 2009 நவம்பரில் சப்வே வேலையும் முறைப்படி தொடங்கியது. 8 வருடம் உழைத்தது, வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கவனியுங்கள், பாதையை வேகமாக்கினார்கள், முடிகிற இடத்தைத் தொடவில்லை. பஸ் விரைவாக வந்து கொமன் வாசலில் வரிசையில் நின்றது.

சப்வே நீட்சி மொத்தம் 8.6 கி.மீ., 6 நிலையங்கள்: டவுன்ஸ்வியூ பார்க், ஃபின்ச் வெஸ்ட், யோர்க் பல்கலைக்கழகம், பயனியர் வில்லேஜ், நெடுஞ்சாலை 407, வோன் மெட்ரோபொலிற்றன் சென்ரர். தோண்டிய நாலு இயந்திரங்களுக்கு ஹோலி, மோலி, யோர்க்கி, ரோர்க்கி என்று பெயர். கட்டுரையில் ஒரு சிரிப்புக்கு இடம் வேண்டுமென்றால் போடுங்கள். பல்கலைக்கழக நிலையம் கொமனுக்கு அடியிலேயே இருக்கிறது, பூமராங் மாதிரி வளைந்த கூரையுடன். வடிவமைப்பு ஃபொஸ்ரர் அண்ட் பார்ட்னர்ஸ். அதில் பஸ் நிலையமும் இல்லை, கார்த் தரிப்பிடமும் இல்லை. வேண்டுமென்றே செய்தது. பஸ்கள் போய்ச் சேர ஸ்ரீல்ஸிலும் 407இலும் இடம் கட்டிய பிறகு, நடுவில் இன்னொன்று எதற்கு என்ற எண்ணம்.

பயனியர் வில்லேஜ் நிலையம் ஸ்ரீல்ஸ் வீதிக்கு அடியில் குறுக்காக இருக்கிறது. ஸ்ரீல்ஸ்தான் ரொறன்ரோவின் எல்லை. தெற்கே ரி.ரி.சி பஸ் நிலையம், வடக்கே யோர்க் ரீஜன் பஸ் நிலையம். இரண்டும் ஒரே நிலையத்தின் பெயரில்தான், ஆனால் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற நிலத்துக்கடியில் இறங்கி ஏற வேண்டும். முதல்தடவை போகிறவர்கள் எந்தப் பக்கம் ஏறுவது என்று பெயர்ப்பலகையைப் பார்த்து ஏறினால் பஸ்ஸைத் தவறவிட மாட்டார்கள்.

---

பிராம்ப்டன்வாசி பதில்:

கட்டண விஷயத்தை யாரும் தொடலையே. இந்த இடமாற்றத்தில் மாணவர்களைக் கொதிக்க வைத்தது அதுதான்.

பழைய ஏற்பாட்டில் யோர்க் ரீஜன் பஸ் எல்லையைத் தாண்டி நேரா வளாகத்துக்குள்ள வரும். ஒரே கட்டணம். 2018 செப்டம்பருக்குப் பிறகு அது ஸ்ரீல்ஸிலேயே நின்றுவிடும். அங்கிருந்து வளாகத்துக்கு ஒரே ஒரு ஸ்டேஷன், சுமார் ஒரு கிலோமீட்டர். ஆனா டிடிசி (மேலே ரி.ரி.சி என்பது) தனி நிறுவனம், முழு டிக்கெட் கேட்கும். ப்ரெஸ்டோ என்ற பயண அட்டையில் அப்போது 3 டாலர். போக வர 6 டாலர். வேண்டாம்னா பத்து, பதினைந்து நிமிடம் நடக்கணும். செப்டம்பரில் நடக்கலாம், ஜனவரியில் ஸ்ரீல்ஸ் காற்றில் யார் நடப்பது?

கோ பஸ்காரர்களுக்குக் கொஞ்சம் சலுகை இருந்தது. 2018 ஜனவரி முதல் கோவும் டிடிசியும் சேர்த்துப் பயணித்தால் 1.50 டாலர் தள்ளுபடி. அதனால் 407 ஸ்டேஷனில் இறங்கி இரண்டு ஸ்டேஷன் தெற்கே வர, ஒரு வழிக்கு மேற்கொண்டு 1.50. அந்தத் தள்ளுபடியும் 2020 மார்ச் கடைசியோடு போச்சு. யோர்க் ரீஜனில் வந்தவர்களுக்கு அந்த 1.50கூட இல்லை. உங்க கட்டுரையில் 'பஸ் நிலையம் இடம் மாறியது' என்று ஒரு வரியில் கடந்தால், இந்தக் கணக்கு காணாமல் போய்விடும்.

இது தீர்ந்தது 2024 பிப்ரவரி 26இல். அன்று ஒன்டாரியோ அரசு 'ஒன் ஃபேர்' திட்டத்தைக் கொண்டுவந்தது. டிடிசி, யோர்க் ரீஜன், பிராம்ப்டன், மிஸ்ஸிஸாகா, டர்ஹாம், இவற்றுக்குள் மாறினால் இரண்டாவது கட்டணம் கிடையாது. கோவோடு சேர்ந்தால் உள்ளூர்க் கட்டணம் கழிந்துவிடும். உள்ளூர்ப் பஸ்ஸில் தொடங்கினால் 2 மணி நேரம், கோவில் தொடங்கினால் 3 மணி நேரம் அவகாசம்.

இதிலும் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பஸ்ஸில் பிளாஸ்டிக் அட்டையைத் தட்டுவார்கள், சப்வே கதவில் போனைத் தட்டுவார்கள். வங்கி அட்டை ஒன்றே ஆனாலும் போனில் இருப்பது வேறு எண், இயந்திரத்துக்கு இரண்டு பேர் மாதிரி. இரண்டு கட்டணம் போகும். எதைத் தட்டித் தொடங்கினீர்களோ அதையே கடைசி வரை தட்டுங்கள். கோ பஸ்ஸில் இறங்கும்போதும் தட்டணும். மறந்தால் நீங்கள் இறங்கின இடம் இயந்திரத்துக்குத் தெரியாது, கூடுதலாக எடுக்கும். டிடிசியில் ஏறும்போது மட்டும். நாணயம் போட்டால் சலுகை இல்லை. உயர்கல்வி மாணவருக்குக் கோவில் 40 சதவீதத் தள்ளுபடி உண்டு, அதை முன்கூட்டியே அட்டையில் பதிந்திருக்கணும். மாணவர் அடையாள அட்டையை ஓட்டுநரிடம் நீட்டினால் நடக்காது.

---

சுழல்பாதை பதில்:

மூன்றாவது கேள்வி ஸ்காபரோ. சப்வே வரைபடத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது. டொன் மில்ஸில் ஏறி ஷெப்பர்ட்-யங் வந்தால், அதே 1ஆம் இலக்கத் தடம்தான் யோர்க்குக்கும் போகிறது. ஆனால் அது ஆங்கில 'யூ' எழுத்து வடிவம். தெற்கே யூனியன் வரை இறங்கி மறுபடி வடக்கே ஏற வேண்டும். யூனியனிலிருந்து மட்டுமே யோர்க்குக்குச் சுமார் 40 நிமிடம்.

குறுக்கே வெட்டுவதுதான் புத்தி. ஷெப்பர்ட்-யங்கில் இறங்கி 84 பஸ், உச்ச நேரத்தில் 984 விரைவு, அதில் ஷெப்பர்ட் வெஸ்ட். அங்கிருந்து சப்வேயில் வடக்கே மூன்றாவது நிலையம் யோர்க். ஸ்காபரோவின் வடக்கில் இருப்பவர்களுக்கு 939 ஃபின்ச் விரைவு பஸ். ஃபின்ச் வெஸ்ட்டில் இறங்கினால் அடுத்த நிலையமே யோர்க். ஃபின்ச் நிலையத்தில் ஏற்கனவே நிற்பவர் என்றால் 60 அல்லது 960இல் ஸ்ரீல்ஸ் வழியே பயனியர் வில்லேஜ், அது கட்டணப் பகுதிக்குள்ளேயே கொண்டுபோய் விடும். ரி.ரி.சி.க்குள் 2018 ஓகஸ்ட் முதல் இரண்டு மணி நேர மாற்றம் இருப்பதால் இவை எல்லாம் ஒரே கட்டணம்.

ஞாயிறு காலைப் பரீட்சை என்றால் மட்டும் கவனம். அன்று சப்வே ஏறத்தாழ 8 மணிக்குத்தான் தொடங்கும். 9 மணிப் பரீட்சைக்கு ஸ்காபரோவிலிருந்து சப்வேயை நம்பி வருவது பலிக்காது, அட்டவணையை முதல்நாளே பாருங்கள்.

---

கொன்றைப்பூ:

எல்லாம் குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று. 'யோர்க் யூனிவர்சிற்றி கோ ரயில் நிலையம்' என்று கீலுக்குக் கிழக்கே ஒரு புள்ளி இருக்கிறது. அதற்கும் கொமனுக்கும் தொடர்பு உண்டா?

---

கீல்வடக்கு பதில்:

உண்டு, மெல்லியதாக. பாரி ரயில் தடத்தில் 2002 செப்டம்பரில் திறந்த சிறு மேடை அது. பெயர்தான் யோர்க், வளாகத்துக்கு நடந்து வருகிற தூரத்தில் இல்லை. கொமனிலிருந்து ரயில் நேரத்துக்கு ஒரு இணைப்பு பஸ் போய் வரும். 2017 டிசம்பர் 30இல் டவுன்ஸ்வியூ பார்க்கில் ரயிலும் சப்வேயும் ஒரே இடத்தில் சந்திக்கத் தொடங்கியதும் அந்த மேடைக்கு வேலை குறைந்துவிட்டது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக ரயில் நிற்பதை நிறுத்தினார்கள். 2021 ஜூலையில் நிரந்தரமாக மூடினார்கள். இன்றைக்கு ரயிலில் வருகிறவர் டவுன்ஸ்வியூ பார்க்கில் இறங்கி, கோ இயந்திரத்தில் அட்டையைத் தட்டிவிட்டு, சப்வேயில் வடக்கே இரண்டு நிலையம் வர வேண்டும்.

கட்டுரையில் வரைபடம் போடுவீர்களானால் மூன்று காலத்துக்கு மூன்றாகப் போடுங்கள்: 2002க்கு முந்தியது, 2010, 2019. ஒரே படத்தில் எல்லாத் தடங்களையும் வரைந்தால், ஒரே நாளில் ஓடாத பஸ்களெல்லாம் கொமனில் சேர்ந்து நிற்கும்.